ஓம் என்றால் ஒப்புக்கொண்டேன் என்றா?

கந்தசஷ்டி விரதம் தொடங்கிய புதன்கிழமை காலை, என்னைப் பொய்யன் என்று சொல்லும் கடிதம் வந்தது. அடியார்களே, மாசி என்ற புறநகரில் இருக்கும் எங்கள் வீட்டில் விளக்கேற்றித் திருநீறு பூசிவிட்டுப் போனைத் திறந்தேன். வேலையிடத்து இமெயில். "நீங்கள் வேண்டுமென்றே பொய்க் காரணங்களைப் பதிந்ததைக் கூட்டத்தில் நீங்களே ஒப்புக்கொண்டீர்கள்." அடுத்த செவ்வாய்க்கிழமை கடைசிக் கூட்டம். அன்றைக்கு வேலை போகலாம் என்றும் எழுதியிருந்தது. பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. போனை மனைவியிடம் நீட்டினேன்.

மனைவி வாசித்துவிட்டு, "அங்க போய் என்னத்தைச் சொன்னனீங்கள்?" என்று கேட்டா.

"நான் ஒண்டும் ஒத்துக்கொள்ளேல்லையப்பா!"

விரி என்ற இடத்தில் ஒரு பெரிய பண்டகசாலையில் எட்டு வருடமாக வேலை செய்கிறேன். நான்கு வருடமாக டீம் லீடர். எனக்குக் கீழே பதினொரு பேர். அவர்கள் மணிக்கு எத்தனை பெட்டி எடுக்கிறார்கள் என்று சுவரில் ஒரு திரை பச்சையிலும் சிவப்பிலும் காட்டும். திரைக்கு எண்ண மட்டும்தான் தெரியும். பெட்டிகளைக் கொண்டுவரும் பெல்ட் நின்றுபோனால் அதற்குத் தெரியாது. அதனால் 'பெல்ட் பழுது' என்று நான் பதிய வேண்டும். அந்த மாதம் பெல்ட் நாளுக்கு இரண்டு தரம் நின்றது. இரண்டு தரமும் பதிந்தேன். புதிதாக வந்த மனேஜர் ஒருநாளும் பெல்ட் பக்கம் எட்டிப் பார்த்தவர் இல்லை. என் ஆட்கள் சோம்பேறிகள், அதை மறைக்க நான் பொய் எழுதுகிறேன் என்று தன் கதிரையில் இருந்தபடியே முடிவு கட்டிவிட்டார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

முதல் கூட்டத்துக்குத் துணைக்கு ஓர் ஆளைக் கூட்டி வரலாம் என்று சொல்லியிருந்தார்கள். எனக்கு ஏன் துணை, முருகன் இருக்கிறான் என்று வீறாப்பாகத் தனியே போனேன். மனேஜர் கதைத்தார். எச்.ஆர். பெண் எழுதினார். குற்றத்தை மறுத்ததாகத்தான் எனக்கு நினைவு. பிறகு எப்படி ஒப்புக்கொண்டவன் ஆனேன்? இரண்டு நாள் இதையே நினைத்து நினைத்து வெந்தேன்.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன். கும்பிடப் போகவில்லை, சண்டை பிடிக்கப் போனேன். "வருடா வருடம் உன்னுடைய தேர் வடம் பிடித்த கை இது. இந்தக் கையா பொய் எழுதியது? பார்த்துக்கொண்டுதானே இருந்தாய்? அந்த வேல் என்ன அழகுக்கா?" பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமில்லை. அழுதேன்.

அழுத முகத்தோடு மடைப்பள்ளிக்குப் போய்ப் பாத்திரம் கழுவினேன். அங்கே சுமதி நின்றா. மதுரைப் பிள்ளை, நேர்ஸ் வேலை, ஹென்டர்சன் என்ற பகுதியில் இருக்கிறா. என் முகத்தைப் பார்த்து விசாரித்தா. சொன்னேன். உடனே ஆலோசனை சொல்லத் தொடங்கிவிட்டா. நான் கழுவியபடி கேட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று நிறுத்தினா.

"அண்ணா, நான் சொல்ற எல்லாத்துக்கும் ஓம் ஓம்ங்கிறீங்களே. ஒத்துக்கிறீங்களா, இல்ல ஜெபம் பண்றீங்களா?"

"இல்லைத் தங்கச்சி, நீங்கள் கதைக்கிறதைக் கேட்டுக்கொண்டிருக்கிறன் எண்டு காட்ட ஓம் போடுறன். எங்கட ஆக்கள் அப்பிடித்தான். போடாட்டி மரியாதையில்லை."

"இங்கிலீஷ்லயும் இப்படித்தான் போடுவீங்களா?"

கையிலிருந்த அண்டா தொட்டிக்குள் விழுந்தது. மனேஜர் குற்றங்களை ஒவ்வொன்றாக வாசித்தபோது, அவர் மூச்சு விட்ட இடமெல்லாம் நான் "யெஸ், யெஸ்" என்று சொல்லியிருந்தேன். மரியாதைக்கு! நுணலும் தன் வாயால் கெடும் என்பார்களே, அந்த நுணல் நான்தான். முருகன் பதில் சொல்லிவிட்டான் என்று அந்த இடத்திலேயே விளங்கியது. மடைப்பள்ளியில் நின்றபடியே கைகூப்பினேன்.

முதல் கூட்டம் ஒலிப்பதிவு செய்யப்பட்டிருந்தது. அதைக் கேட்க வேண்டும் என்று அன்றைக்கே எழுதினேன். சூரசங்காரம் முடிந்த மறுநாள் செவ்வாய்க்கிழமை, சுமதியைத் துணையாகக் கூட்டிக்கொண்டு போனேன். பதிவைப் போட்டார்கள். முதலில் எச்.ஆர். பெண்ணின் குரல்: "தேநீரா, கோப்பியா?" என் குரல்: "யெஸ்."

சுமதி குனிந்து சிரிப்பை அடக்கினா. பிறகு மனேஜரின் குரல். "நீங்கள் வேண்டுமென்றே..." வசனம் முடியவில்லை, நான் "யெஸ்" என்கிறேன். அவர் முடித்ததும், "யெஸ், ஆனால் அது உண்மை இல்லை" என்கிறேன். அவர்களுடைய குறிப்பில் முதல் சொல் மட்டும் இருந்தது. மிச்சத்தைக் காணவில்லை!

"தேநீரா கோப்பியான்னு கேட்டதுக்கும் யெஸ்ங்கிறாரு. அதையும் வாக்குமூலம்னு எழுதியிருக்கீங்களா?" இதையே சுமதி அழகான இங்கிலீஷில் கேட்டா. எச்.ஆர். பெண்ணின் முகம் சிவந்துபோனது. எழுந்து போய் மெக்கானிக் பழுதுகளை எழுதி வைக்கும் கொப்பியை எடுத்து வந்தார். பெல்ட் நின்ற நேரமெல்லாம் அதில் இருந்தது. நான் பதிந்த ஒவ்வொன்றும் சரியாகப் பொருந்தியது. ஐந்து நிமிட வேலை. ஒரு மனிதனின் மானத்தில் கைவைக்க முன்னர் இந்த ஐந்து நிமிடத்தைச் செலவழிக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. இப்போது எழுதும்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கடிதத்தைத் திரும்பப் பெற்றார்கள். 'சிறு தவறான புரிதல்' என்று ஒரு வரி அனுப்பினார்கள். நான் விடவில்லை. நான் பொய் சொல்லவில்லை என்று எழுத்தில் கேட்டு வாங்கினேன். மனேஜர் இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. அந்தக் கோபத்தையும் முருகனிடம் கொடுத்துப் பார்த்தேன். அவன் இன்னும் வாங்கவில்லை.

ஆனால் என் சாட்சி இத்துடன் முடியவில்லை. அந்தக் கிழமை டீம் கோப்புகளைப் பார்க்கும்போது நானே எழுதிய ஒரு எச்சரிக்கை கண்ணில் பட்டது. என் டீமில் வேலை செய்யும் சினா என்ற சமோவாப் பெண்ணுக்கு எழுதியது. "புதிய ஸ்கேன் முறையை விளக்கினேன். யெஸ் என்றார். செய்யவில்லை." கீழே என் கையெழுத்து. யாரைத் திட்டிக்கொண்டு ஆறு நாள் விரதம் இருந்தேனோ, அவர் செய்ததைத்தான் நானும் செய்திருந்தேன்.

எச்.ஆரிடம் போய் அந்த எச்சரிக்கையை நீக்கச் சொன்னேன். பிறகு சினாவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "அன்றைக்கு நீங்கள் சொன்னது எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. நீங்கள் கோபமாக இருந்தீர்கள். அதனால்தான் யெஸ் என்றேன்."

இப்போது காலைக் கூட்டத்தில் "விளங்கினதா?" என்று நான் கேட்பதில்லை. சொன்னதை அவரவர் வாயால் திருப்பிச் சொல்லச் சொல்கிறேன். பத்து நிமிடம் கூடுதலாகப் போகிறது. பிழைகள் குறைந்திருக்கின்றன. திரை என்ன நிறத்தில் எரிந்தாலும், முதலில் ஆளிடம் போய்க் கேட்கிறேன்.

அடியார்களே, முருகனுக்கு முன்னால் நல்ல பிள்ளையாக நடிக்காதீர்கள். வயிறு எரிந்தால் எரிகிறது என்று சொல்லுங்கள். சண்டை பிடியுங்கள், அவன் கோபிக்க மாட்டான். உங்களுக்கு நீதி வாங்கித் தருவான். ஆனால் அவனைக் கூப்பிட்டால் உங்கள் குற்றத்தையும் பார்க்காமல் போக மாட்டான். என் வேலையைக் காப்பாற்றித் தந்ததற்கு ஒரு தரம் விழுந்து கும்பிட்டேன். சினாவின் முன்னால் என்னைத் தலைகுனிய வைத்ததற்கு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கும்பிடுகிறேன்.