ஆண்டெனாவுக்கு ஒரு மோட்டார்

காரைக்கால் கோவில்பத்தில் ஆதார் அட்டை நகலெடுக்கப் போயிருந்தேன். கடைப் பிரிண்டர் காகிதத்தை இழுக்கும்போது ‘டிர்ர்... டிர்ர்’ என்று விட்டுவிட்டுச் சத்தம் போட்டது. உங்களுக்கு அது வெறும் இரைச்சல். எனக்கு அது ஸ்டெப்பர் மோட்டார். மின்சாரம் ஒருமுறை தட்டினால் ஓரடி வைத்து நின்றுவிடும். மற்ற மோட்டார் மாதிரி தறிகெட்டு ஓடாது. நல்ல குடும்பத்துப் பிள்ளை.

அப்படி ஒன்றை எண்பதுகளில் நானும் நண்பன் சூசைராஜும் கட்டி மேய்த்திருக்கிறோம். காரைக்காலில் ஒரே ரேடியோ ரிப்பேர் கடையில் இருவருக்கும் வேலை. தபாலில் எலக்ட்ரானிக்ஸ் படித்த திமிரில் என்னை நான் எஞ்சினியர் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது எங்கள் ஊர் மாடிகளில் நெட்டை ஆண்டெனாக்கள் நிற்கும். கடலுக்கு அந்தப் பக்கம் திருப்பினால் இலங்கை டிவி தெரியும். மாடியில் ஒருவர் குழாயைத் திருப்ப, கீழே ஒருவர் “தெரியுது, தெரியுது... போச்சு!” என்று கத்துவார். மற்றவர்கள் பாட்டுக்கும் கிரிக்கெட்டுக்கும் கத்தினார்கள். சூசைராஜின் அம்மாவுக்குச் செய்திதான் வேண்டும். மூத்த மகள் லூர்துவை மன்னாரில் கட்டிக்கொடுத்திருந்தார். எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு அங்கிருந்து கடிதமே இல்லை. அகதிக் கூட்டத்தைக் காட்டினால் முகம் முகமாகத் தேடுவார்.

சூசைராஜுக்குத் துபாயில் வேலை கிடைத்தது.

“நா போயிட்டா யாருடா மாடியேறுவா? அம்மாவுக்கு முட்டி மடங்காது. காத்து வேற தெனமும் ஆண்டெனாவத் திருப்பிப்புடுது.”

“பொத்தான அமுக்குனா திரும்புற மாரி செஞ்சுடலாம்டா” என்றேன். ஆழம் தெரியாமல் காலை விடுவது என் பிறவிக் குணம்.

மெட்ராஸில் பழைய சாமான் கடையில் மோட்டார் கிடைத்தது. நான்கு டிரான்சிஸ்டர், அவற்றை வரிசையாகத் தட்டியெழுப்ப ஒரு ஐ.சி. வரிசை தவறினால் மோட்டார் நின்ற இடத்திலேயே நடுங்கும். மூன்று நாள் நடுங்கியது. நான்காம் நாள் சைக்கிள் சங்கிலி மாட்டி மாடியேற்றினோம். ஆண்டெனா மெல்லத் திரும்பியது. அம்மா பொத்தானை அமுக்கிப் பார்த்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். சூசைராஜ் நிம்மதியாக விமானம் ஏறினான்.

கடலோரத்தில் பிறந்தவன் செய்யக்கூடாததை நான் செய்திருந்தேன். மாடியில் ஒயர் இணைப்புக்கு ஈயம் வைக்காமல் முறுக்கி, வெறும் டேப் சுற்றியிருந்தேன். “வாரா வாரம் வந்து பாத்துக்கறேம்மா” என்று வாக்கு வேறு. போனது மூன்று மாதம் கழித்து.

டிவியில் புள்ளிகள் மட்டும் கொதித்துக்கொண்டிருந்தன. அம்மா எதிரே உட்கார்ந்து பொத்தானை அமுக்கியபடி இருந்தார். மேலே மோட்டார் உறுமியது. சத்தம் கேட்கிறதே, ஆண்டெனா திரும்புகிறது என்றே அவர் நம்பியிருந்தார். ஏறிப் பார்த்தேன். உப்புக்காற்றில் ஒரு ஒயர் பச்சை பூத்து அறுந்து, மோட்டார் நின்ற இடத்திலேயே நடுங்கிக்கொண்டிருந்தது. வெட்கத்தோடு பற்றவைத்துவிட்டு இறங்கினேன். படம் பளிச்சென்று வந்தது. செய்தி ஓடியது. கூட்டம் காட்டினார்கள். லூர்து இல்லை.

அம்மா கடைசிவரை பார்த்தார்.

“முன்ன இருந்ததே தேவல தம்பி. அந்தப் புள்ளிக்குள்ள அப்பப்ப அவ மொகம் தெரிஞ்சுச்சு.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுத்த முறை போனபோது பொத்தான் பெட்டியிலிருந்து மோட்டார் ஒயரை அவரே பிடுங்கிப் போட்டிருந்தார். டிவியில் மறுபடி புள்ளிகள்.

அம்மா போய் வெகுகாலமாகிறது. லூர்துவைப் பற்றி ஒரு சொல்லும் வரவில்லை. ஊரின் ஆண்டெனாக்களெல்லாம் பழைய இரும்புக்குப் போய்விட்டன. இப்போது டிவியில் புள்ளிகூட வருவதில்லை. சிக்னல் போனால் வெறும் நீலத்திரை. அதில் யாரையும் தேட முடியாது.