கறுத்துப்போன கியர் ஒயில்

நானும் மனைவி வதனியும் பிளாக்டவுனில், உள்ளேயே தங்கி ஊர் சுற்றக்கூடிய ஒரு பழைய மோட்டர்ஹோம் வாங்கினோம். நாடு முழுக்க ஓடிக் களைத்த வண்டி. கியர் மாறும்போதெல்லாம் யாரோ பின்னாலிருந்து உதைப்பதுபோல் குலுங்கும். முன்பு வைத்திருந்தவர் கியர் ஒயிலை மாற்றியதே இல்லையாம்.

“அது பழைய ஒயிலுக்கே பழகிட்டுது. இப்ப மாத்தினா கியர்பொக்ஸே போயிடும்,” என்று நண்பர்கள் பயமுறுத்தினார்கள். வண்டி நின்றால் நாங்கள் கனவு கண்ட பயணமும் நின்றுவிடும். தொடவே வேண்டாம் என்றேன்.

வதனிக்கோ உள்ளே என்னதான் இருக்கிறது என்று பார்த்தே ஆகவேண்டும். “ஒரேயடியா வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமா மாத்திப் பாப்பம்,” என்றாள்.

முதலில் வடிந்தது கறுப்புக் கோப்பி போல இருந்தது. கருகல் மணம் வேறு. வடிந்த அளவுக்குப் புதிய ஒயில் ஊற்றிச் சில நாள் ஓடினோம். பிறகு மறுபடி வடித்தோம். ஒவ்வொரு முறையும் கொஞ்சத்தை ஜாம் போத்தலில் பிடித்து அவள் குசினி யன்னலில் வைத்தாள். கறுப்பு மண்ணிறமாகி, கடைசியில் புது ஒயிலின் சிவப்புத் தெரிந்தது.

அந்த வாரம் ஹெலன்ஸ்பர்க் மேட்டில் வதனி வண்டியை ஏற்றினாள். நான் கதிரையை இறுக்கிப் பிடித்தபடி அந்த உதைக்காகக் காத்திருந்தேன்.

“கியர் இன்னும் மாறேல்லையோ?”

“அது எப்பவோ மாறிட்டுது. உங்களுக்குத்தான் தெரியேல்லை,” என்று சிரித்தாள்.

கெட்டுவிடும் என்று பயந்து நான் எட்டிக்கூடப் பார்க்காமல் விட்டவை இன்னும் எத்தனையோ என்று மீதி வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனேன்.