மூன்று தப்பும் ஒரு சரியும்

தப்பான பதில் எழுதிச் சம்பாதிப்பவன் நான். சரியான பதில் எழுத ஆள் தேவையில்லை. அது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் உட்கார வைக்க மூன்று தப்பு வேண்டும் என்றால்தான் என்னைப் போன்றவனைக் கூப்பிடுவார்கள். கறுப்புப் பேனாவால் வட்டத்தை நிரப்பிவிட்டு, வெளியே வந்ததும் "பியா, சியா" என்று பக்கத்தில் எழுதியவரைக் கேட்டுக் கலங்கியவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். அந்தக் கலக்கம் தயாராகும் இடத்தில் நடந்த சிலவற்றை எழுதுகிறேன். அங்கேயும் யாரும் நிம்மதியாக இல்லை என்று தெரிந்தால் உங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

யானைக்கு வேலையில்லை

நாளிதழ் ஒன்றில் வெகுகாலம் உதவி ஆசிரியராக இருந்துவிட்டு வெளியே வந்ததும், அம்பத்தூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், மருந்துக்கடை மாடியில் நடக்கும் ஒரு பயிற்சி மையத்தில் சேர்ந்தேன். குரூப் ஃபோர் தேர்வுக்குப் படிப்பவர்கள் வருவார்கள். ஞாயிறுதோறும் மாதிரித் தேர்வு. ஆறு, அணை, நோய், விருது, வரலாறு என்று பொது அறிவுக் கேள்விகள் எல்லாம் என் பொறுப்பு. ஒரு கேள்விக்கு நான்கு பதில்.

மையத்தை நடத்துபவர் சேகர். முதல் வாரம் நான் கொடுத்த தாளை நின்றபடியே படித்தார். யானைக்கால் நோயைப் பரப்புவது எது என்று கேட்டு கொசு, ஈ, எலி, யானை என்று போட்டிருந்தேன். பேனாவால் யானையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுத் திருப்பித் தந்தார். "இதைப் பார்த்து எவன் சார் ஏமாறுவான்? தப்பு சரியில்லை. கொஞ்சம் நல்ல தப்பா போடுங்க."

கல்லாவும் கறுப்புப் பேனாவும்

நல்ல தப்பு எழுதக் கற்றுக்கொண்டேன். தாள் கடினமாயிற்று, எல்லோருக்கும் மார்க் இறங்கியது, ஒருவரைத் தவிர. அவர் பர்வீன். பூந்தமல்லியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். கணவர் ரஃபிக்கு அங்கே டிரங்க் ரோட்டில் செருப்புக் கடை. ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தையை மாமியார் பார்த்துக்கொள்வார். பர்வீன் ஏற்கெனவே இரண்டு முறை தேர்வு எழுதி, இரண்டு முறையும் சொற்ப மார்க் வித்தியாசத்தில் வேலையைத் தவறவிட்டிருந்தார். இந்த முறை என் தாளில் வாராவாரம் தொண்ணூறுக்கு மேல் வாங்கினார்.

சேகர் அவர் படத்தைப் போட்டு பிளெக்ஸ் அடிக்க ஏற்பாடு செய்தார். அதற்குப் புகைப்படம் கேட்டபோதுதான் வீட்டு ஒப்பந்தம் எனக்குத் தெரிந்தது. இதுதான் கடைசி முறை. வேலை கிடைக்காவிட்டால் படிப்பை மூட்டை கட்டிவிட்டுக் கடைக்கு வந்துவிட வேண்டும். பர்வீன் அதை அலட்சியமாகத்தான் சொன்னார், ஆனால் பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். "இந்தத் தடவை வரலேன்னா அவ்வளவுதான் சார். கல்லால உட்கார்ந்து எட்டாம் நம்பர் இருக்கா, ஒம்பதாம் நம்பர் இருக்கான்னு கத்திக்கினு இருக்க வேண்டியதுதான்."

மதியத்துக்குள் கெட்டுப்போவது

பொது அறிவு பால் பாக்கெட் மாதிரி. காலையில் நன்றாக இருக்கும், மதியம் திரிந்துவிடும். பத்திரிகையில் இருந்தபோது செய்தி வந்தால் சந்தோஷப்படுவேன். இப்போது பயப்படுகிறேன். ஒரு மாவட்டத்தை இரண்டாகப் பிரித்தால் என் கேள்வி செத்தது. யாராவது ஒரு சாதனையை முறியடித்தால் என் கேள்வி செத்தது. காலையில் பேப்பர் வந்ததும் சவரம் பாதியில் நிற்க எடுத்துப் பிரிப்பேன்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அமைச்சர்களின் துறைகளை மாற்றிவிட்டார்கள். என் தாளோ அச்சாகிக் கட்டுக் கட்டாக இருந்தது. அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டில் எங்களுக்கு நகலெடுத்துத் தரும் மூர்த்தியிடம் ஓடினேன். ஒரு பக்கத்தை மட்டும் திரும்ப அடித்துத் தரச் சொல்லிக் கெஞ்சினேன். அவர் மிஷினை விட்டு எழுந்திருக்கவே இல்லை. "இன்னா சார் நீ, பேப்பர்ல இருந்தப்போ தப்பு வந்தா மறுநாள் மூலையில திருத்தம்னு போட்டுட்டு டீ குடிக்கப் போயிருப்பே. இங்க வந்து இன்னாத்துக்குப் பொங்கிக்கினு கீற?"

தப்பென்று போட்ட ஏரி

சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரி எது என்று ஒரு கேள்வி. செம்பரம்பாக்கம் சரி. மற்ற மூன்றுக்கும் ஊட்டி, கொடைக்கானல் என்று போட்டால் சேகர் யானைக்கு நடந்ததைச் செய்வார். எனவே கொஞ்சம் கனமாக இருக்கட்டும் என்று வீராணத்தைச் சேர்த்தேன். பெயரே பெரிதாக, நம்பும்படி இருந்தது.

தேர்வு முடிந்ததும் இளங்கோ என்ற இளைஞர் என்னிடம் வந்தார். ஆவடியில் பாதுகாப்புத் துறை குடியிருப்பில் வசிப்பவர். அப்பா வீராணம் இருக்கும் கடலூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர். வீராணத்தை நிரப்பியிருந்ததால் மார்க் போய்விட்டது. சண்டை போடவில்லை. மேசையில் இருந்த என் தண்ணீர் பாட்டிலைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு மெதுவாக வைத்தார். "அங்கேருந்து குழாய் போட்டு எங்க ஏரித் தண்ணிய இங்க கொண்டாந்து குடிக்கிறீங்க. குடிச்சிட்டு, அது தப்புன்னும் போட்டிருக்கீங்களே சார்."

காய்ச்சலில் வந்த தாள்

எனக்குக் காய்ச்சல் வந்தது. கை விரல் மடங்கவில்லை. அந்த வாரம் சேகர் பழைய அரசுத் தேர்வுத் தாள் ஒன்றை எடுத்து நகலடித்து வைத்துவிட்டார். நான் கம்பளிக்குள் இருந்தபடியே மையத்தின் வாட்ஸப் குழுவில் மார்க்கைப் பார்த்தேன். பர்வீன் ஐம்பதைத் தொடவில்லை. தப்பாகக் கூட்டியிருப்பார்கள் என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு விடைத்தாளை வாங்கிப் பார்த்தேன். கூட்டல் சரியாகத்தான் இருந்தது. தமிழ்நாட்டின் மாநில மரம் எது என்று ஒரு கேள்வி. வேம்பு, பனை, புளி, ஆல் என்று கொடுத்திருந்தார்கள். பர்வீன் வேம்பை நிரப்பியிருந்தார். அதே கேள்வியை முந்தைய மாதம் நான் கேட்டிருந்தேன். அப்போது பனை என்று சரியாக எழுதியிருந்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "பனைன்னு எனக்குத் தெரியாது சார். உங்க தாள்ல மலைவேம்பு, செஞ்சந்தனம், கருமருதுன்னு மூணையும் எங்கேயோ போய்த் தேடிப் பிடிச்சிருந்தீங்க. பனையை மட்டும் தேடவே இல்லை. அப்போ அதுதானே?"

தலைகீழாக ஒரு முயற்சி

சக துன்பவாசிகளே, நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள்? அவர் ஏமாற்றவில்லை. பாடம் படிப்பதாக நினைத்துக்கொண்டு வாராவாரம் என்னைப் படித்திருக்கிறார். நான் மெனக்கெட்டது எல்லாம் தப்பு, மெனக்கெடாதது சரி. அரசுத் தேர்வுத் தாளை நான் தயாரிக்கப் போவதில்லை. தேர்வுக்கு இன்னும் சில மாதங்களே இருந்தன.

அதனால் தலைகீழாகச் செய்தேன். தப்புகளைப் பஸ்ஸில் வரும்போது வாய்க்கு வந்தபடி எழுதினேன். சரியான பதிலை உட்கார்ந்து இழைத்தேன். இருப்புக் கொள்ளவில்லை. கடைப் பலகை, சுவரொட்டி, பஸ் டிக்கெட் எதைப் பார்த்தாலும் இதற்குப் பக்கத்தில் வேறு மூன்று என்ன போடலாம் என்று மனம் ஓடும். வீட்டில் ராத்திரிக்குத் தோசை என்றாள் மனைவி. வேறு என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டேன். "தோசைதான். மத்த மூணையும் நீங்களே யோசிச்சு வச்சுக்கங்க" என்றாள்.

இரண்டு ஞாயிறு பர்வீன் தடுமாறினார். மூன்றாவது ஞாயிறு மார்க் பழையபடி ஏறியது. தேர்வு முடிந்ததும் போகாமல் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். சொல்லச் சங்கடப்பட்டார் என்று தெரிந்தது. "சார், இப்போ சரியானதுக்குத்தான் ரொம்ப பாலிஷ் போடறீங்க. நான் வேணும்னு பார்க்கலை. தானா தெரியுது."

எல்லோரும் தப்பு எழுதுங்கள்

எழுதும் கை ஒன்றாக இருந்தால்தானே அடையாளம் தெரியும்? வகுப்பில் இருந்த எல்லோரையும் வாரம் பத்துக் கேள்வி எழுதச் சொன்னேன். ஒரு சரி, மூன்று தப்பு. அவற்றைக் கலந்து தாளாக்கினேன். பர்வீன் முதலில் எழுதிக் கொடுத்த தப்புகளைப் பார்த்து எனக்கே பாவமாக இருந்தது. காவிரி உற்பத்தியாகும் இடம் குடகு. அதற்குப் பக்கத்தில் பூந்தமல்லி, மாங்காடு, பாரிவாக்கம் என்று போட்டிருந்தார். திருப்பிக் கொடுத்தேன். நம்பும்படியாக மூன்று எழுத வேண்டும் என்றால் அந்தப் பக்கம் என்னென்ன மலை இருக்கிறது, எந்த ஆறு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். படிக்காமல் தப்பு எழுத முடியாது என்று நாலாவது முறை திரும்பி வந்தபோது அவருக்குப் புரிந்தது. குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு எழுதியதாகச் சொன்னார். சில தாள்களில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தது.

மார்க் எல்லோருக்கும் சரிந்தது. பர்வீன் நாற்பதில் ஆரம்பித்து ஐம்பதுக்கு ஏறி அங்கேயே நின்றார். கீழே மருந்துக்கடைக்கு மேலே அவர் சிரிக்கும் பிளெக்ஸ் காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. சேகர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, புது பேட்ச் சேரும் நேரம் என்று நினைவூட்டினார். "பிளெக்ஸ் அடிச்சாச்சு சார். அந்தப் பொண்ணை இன்னும் ஒரு மாசத்துக்காவது அறிவாளியாவே வச்சிருங்க."

டீக்கடையில் ஒரு கணவர்

குழுவில் வரும் மார்க்கை ரஃபியும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். ஒரு ஞாயிறு மனைவியை அழைத்துப் போக வண்டியில் வந்தவர், நேராக மாடிக்கு வராமல் என்னை டீக்கடைக்குக் கூப்பிட்டார். கோபம் இல்லை. கணக்காகக் கேட்டார். தொண்ணூறு வாங்கியபோது நம்பிக்கை இருந்தது, இப்போது பாதிகூட வரவில்லை, அம்மாவுக்கும் முட்டி வலி, குழந்தை பின்னாலேயே ஓட முடியவில்லை. இனி எதற்கு அனுப்ப வேண்டும்?

நான் விளக்கினேன். அந்தத் தொண்ணூறு பொய், இந்த ஐம்பதுதான் நிஜம், போன மாதம் நாற்பதாக இருந்தது என்றேன். சொல்லும்போதே எனக்கே அது நம்பும்படியாக இல்லை. பர்வீன் சற்றுத் தள்ளி வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். நாங்கள் பேசுவது கேட்காது, ஆனால் எங்கள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ரஃபி டீயைக் குடித்து முடித்தார். தேர்வு நாள்வரை அனுப்புவதாகவும், அதற்குமேல் ஒரு ஞாயிறுகூடக் கிடையாது என்றும் சொன்னார். என் டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டு எழுந்தார். "மார்க் குறைஞ்சா நல்லதுன்னு சொல்ற மொத டியூஷன் உங்களுதுதான் சார். ஜனம் எப்படி வருதுன்னுதான் தெரியலை."

யார் எழுதினதுன்னு தெரியலை

பர்வீனுக்கு ஆவடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் தேர்வு. அன்று காலை எனக்கு வேலை எதுவும் இல்லை. இருந்தும் அம்பத்தூருக்குப் போய், மாடி பூட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு, பஸ் ஏறித் திரும்பி வந்தேன். தாள் எளிது என்று ஒருவர் குழுவில் போட்டார். மோசம் என்று இன்னொருவர் போட்டார். இளங்கோ மட்டும் தண்ணீர் பற்றி ஒரு கேள்வியும் வரவில்லை என்று எனக்குத் தனியாக அனுப்பியிருந்தார்.

மதியத்துக்குமேல் பர்வீன் போனில் பேசினார். பின்னால் குழந்தை அழும் சத்தம், ரஃபி ஏதோ கேட்பது, இவர் இருங்க இருங்க என்பது எல்லாம் கேட்டது. எப்படி எழுதினீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். "முதல் பக்கத்துல கொஞ்ச நேரம் தேடினேன் சார், பழக்க தோஷம். எழுதினவர் யாரு, எப்படிப்பட்ட ஆளுன்னு ஒண்ணுமே பிடிபடலை. சரி போன்னு படிச்சதை வச்சு எழுதிட்டு வந்துட்டேன்."

ஒரு நிமிட வீடியோ

முடிவு வர மாதங்கள் ஆயின. அதுவரை பர்வீன் கல்லாவில்தான் இருந்தார். பூந்தமல்லிப் பக்கம் போனால் அந்தக் கடை இருக்கும் சாலையைத் தவிர்த்துவிடுவேன். கடைசியில் சான்றிதழ் சரிபார்க்கக் கூப்பிட்டார்கள், பிறகு கலந்தாய்வு. திருவள்ளூரில் ஓர் அலுவலகத்தில் இளநிலை உதவியாளர் இடம் கிடைத்தது. கல்லாவில் இப்போது ரஃபியின் தம்பி உட்காருகிறார்.

சேகருக்குத் தலைகால் புரியவில்லை. பர்வீனைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்கார வைத்து, எதிரே செல்போனை நிறுத்தி, எங்கள் மாதிரித் தேர்வு எப்படி உதவியது என்று ஒரே ஒரு நிமிடம் பேசச் சொன்னார். ரஃபி கதவோரம் நின்று பார்த்தார். பர்வீன் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, தொண்டையைச் செருமி, செல்போனை நேராகப் பார்த்தார். "இந்த சார் தாள்ல தொண்ணூறு வாங்கினீங்கன்னா பயப்படுங்க. ஐம்பது வாங்கினீங்கன்னா தைரியமா எழுதப் போங்க."

இந்தத் தொழிலில் ஒருவரை வேலைக்கு அனுப்ப வேண்டுமென்றால், முதலில் நம்முடைய கேள்விக்கு அவரால் பதில் சொல்ல முடியாதபடி செய்துவிட வேண்டும் போலிருக்கிறது.