நீல பெயிண்ட் அடிச்ச கோழிக்கூடு

இன்னைக்கு எங்க வீட்டுக் கோழிக்கூடு சாமியார் மாதிரி பாவசங்கீர்த்தனம் கேட்டுது.

என் கோழி எங்க போய் முட்டை போடுதுன்னே தெரியல. அதான் கூடு கட்டினேன். யுத்த நேரத்துல பலகைக்கு எங்க போக? கொழும்புல இருந்து வந்த பழைய தேயிலைப் பெட்டி ரெண்டைப் பிரிச்சு நானே அடிச்சேன். தோணிக்கு அடிச்சு மிஞ்சின நீல பெயிண்ட், வளைஞ்ச வாசல், உச்சியில கிறிஸ்மஸுக்குச் செஞ்ச தகர நட்சத்திரம்.

எங்க வீட்டுக்காரர் பார்த்துட்டு, "ஏளா, கோழிக்குக் கூடு கட்டுதியா, அந்தோணியார் குருசடி கட்டுதியா?"ன்னு சிரிச்சார். தெருமுனையில புனிதருக்குக் கட்டுத சின்னக் கோயில் மாதிரியேதான் இருந்துச்சு.

சாயங்காலம் அடுத்த வீட்டு செலஸ்தீன் அக்கா வந்தா. கண்ணு கொஞ்சம் மங்கல். கூட்டைக் கண்டதும் முக்காடு போட்டு முழங்கால்ல நின்னுட்டா.

நான் சொல்லத்தான் வாயெடுத்தேன். அதுக்குள்ள ஆரம்பிச்சுட்டா.

"அந்தோணியாரே, இந்த வீட்டுக் கோழி எங்க விறகுக்குள்ள வந்து போடுத முட்டையை எல்லாம் நான்தான் அவிச்சுத் தின்னுதேன். மன்னிச்சுக்கிடும்."

உள்ள இருந்து சிவப்புக் கோழி தலையை நீட்டி, "கொக்"குன்னுச்சு.

எந்திரிச்சு ஓடின அக்கா இன்னும் கதவைத் திறக்கல.

கூட்டை நான் இடம் மாத்தப் போறதில்ல. போன மாசம் காணாமப்போன என் பித்தளைச் செம்பு இன்னும் வந்து சேரல. எடுத்தவுங்க யாரா இருந்தாலும் வாங்க, மெழுகுவர்த்தி நானே தாரேன்.