டைல்ஸ் தரையில் நின்ற பசு

ஜவ்வாது மலையில் எங்கள் வீடு 'பதுங்கியிருக்கிறது' என்பது இணையத்தில் படித்த பிறகுதான் எனக்குத் தெரியும். சுற்றுலாக்காரர்களின் ஆங்கிலத்தில் எந்த ஊரும் சும்மா இருக்காது, மலை மடியில் பதுங்கியிருக்கும். ஓடை ஓடாது, கிசுகிசுக்கும். ஜெயிலை உடைத்தவர்கள் மாதிரி எல்லோரும் 'தப்பித்து' வருவார்கள். எங்களுக்கு ஒழுங்காக பஸ் வராததற்குக்கூட அதில் ஒரு பட்டம் உண்டு: 'காலம் தீண்டாத இடம்'.

அண்ணனும் அண்ணியும் வீட்டில் ஓர் அறையை வெளியூர்க்காரர்களுக்கு விடப்போகிறோம் என்றதும் சொந்தமெல்லாம் சிரித்தது. "காட்டுக்கு எவன்டி காசு குடுத்து வருவான்?" என்று அண்ணியின் அக்காவே கேட்டாள். முதலில் வருகிறவர்கள் முகம் சுளிக்காமல் தங்கிவிட்டுப் போகவேண்டும் என்பது அன்றிலிருந்து அண்ணிக்கு மானப் பிரச்சினை.

பயண வலைத்தளக்காரர் ஒருவர் வந்து படம் பிடித்துப் போனார். அவர் எழுதியதை அண்ணிக்கு செல்போனில் படித்துக் காட்டினேன்.

"இன்னா போட்டுகிறாரு தம்பி?"

"மண் சுவரு, சாணி மெழுகின தரை, பாட்டன் பூட்டன் தின்ன சாமைச் சோறு, எல்லாம் உங்க ஆத்மாவ எழுப்பும்னு போட்டுகிறாரு அண்ணி."

"அய்ய! நம்ம இல்லாமைய உலகத்துக்கே சொல்லிட்டாரே!"

அவ்வளவுதான். ஆட்கள் வருவதற்குள் தரைக்கு டைல்ஸ், சுவருக்குக் கிளிப்பச்சை, வாசலில் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. எங்கள் பக்கம் விருந்தாளிக்கு சாமைச் சோறு போடுவது அவமரியாதை. நெல்லுச் சோறுதான் மரியாதை. ஆகவே அடிவாரத்துச் சந்தவாசலிலிருந்து பொன்னி அரிசியும் பிராய்லர் கோழியும் மலையேறின.

"அண்ணி, அவங்களுக்கு மண்ணுதான் வேணும்."

"சும்மா கெட. மண்ணு பாக்கவா இம்மாந்தூரம் வருவாங்க?"

சென்னையிலிருந்து ஒரு தம்பதி வந்து இறங்கினார்கள். அந்த அம்மா செல்போனைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், மறுபடி செல்போனைப் பார்த்தார். "ஆதென்டிக்கா இல்லையே. கிளம்பிடலாமா?" என்றார் கணவரிடம்.

அண்ணி என் சட்டையை இழுத்தாள். "இன்னாவாம்?"

"டைல்ஸ் புடிக்கலையாம்."

"ஏன், வேலூர்ல புதுசா வந்த டிசைனாச்சே!" அண்ணியின் கண் கலங்கிவிட்டது.

அதற்குள் அந்த அம்மா கொல்லைப் பக்கம் கை நீட்டினார். "வாவ், அந்த காட்டேஜ்!"

"அய்யோ, அது மாட்டுக் கொட்டாய்ங்க!"

காதில் விழுந்தால்தானே? அண்ணன் போய்ப் பசுவை அவிழ்த்தான். கன்றுக்குட்டி மட்டும் முளையை விட்டு வர மறுத்துவிட்டது. சாயங்காலம் கொட்டகையைப் புதுச் சாணியால் மெழுகிக் கயிற்றுக் கட்டில் போட்டோம். எங்களுக்கு ஆக்கிய சாமைச் சோறும் புளிக்குழம்பும் அவர்களுக்குப் போயின. பொன்னியும் பிராய்லரும் எங்களுக்கு வந்தன. மழைத் தூறலுக்கு ஒதுங்க இடமில்லாத பசு டைல்ஸ் அறையில் வழுக்கி வழுக்கி நின்றது. அண்ணி கோணிப்பை விரித்துக் கொடுத்தாள்.

சொன்ன நாள்வரை தங்கிவிட்டுப் போய் அவர்கள் எழுதினார்கள்: 'விடியலில் இயற்கை எங்கள் பாதத்தைத் தொட்டு எழுப்பியது.' நக்கியது கன்றுக்குட்டி. அடுத்து வருகிறவர்கள் 'அதே காட்டேஜ்' கேட்டிருந்தார்கள்.

வேடிக்கை பார்க்க வந்த அண்ணியின் அக்கா, கிளிப்பச்சை அறையில் அசைபோடும் பசுவைப் பார்த்து வாயைப் பிளந்தாள். "இன்னாடி இது, மாட்டுக்கு டைல்ஸா?"

அண்ணி தண்ணிச் சொம்பை நீட்டினாள். "ஆதென்டிக்குக்கா. உனுக்கெல்லாம் புரியாது."