ரேடியோ அக்காவின் குளிர் அறை

“ராங் நம்பர்ல அத்தைக்கு ஒரு சிநேகிதி கிடைச்சிருக்காங்க, கேக்குறீங்களாங்க?” என்று சொல்லிக்கொண்டே ஒரு கியரைத் தூக்கிக் கம்பித் தட்டில் வைக்கிறார் அக்கா. முழங்கைவரை ஏறும் தடித்த கையுறை. பிளாஸ்டிக் திரைக்கு இந்தப் பக்கம், பட்டறை மேஜைமேல் கவிழ்ந்திருக்கும் கணவர் “ம்” என்கிறார். இரண்டாவது கியர். “மாசக்கணக்கா தினம் பேசுறாங்க.” “ம்.” அத்தை என்பது அந்த மனிதரைப் பெற்ற தாய். அவருக்குத் தெரியாத சேதியா? ஆனாலும் அக்கா சொல்வதும், கணவர் உம் கொட்டுவதும் நிற்பதில்லை.

தெருவிலிருக்கும் மெக்கானிக்குகள் வைத்த பெயர் ரேடியோ அக்கா. பத்திரிகைக்காக அவர் வேலையைப் பார்க்கப் போன நானும் அப்படியே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ள மாட்டார். “ரேடியோவுக்காவது கரண்ட் வேணும் சார்” என்று அவரே சொல்லிச் சிரிப்பவர். நாற்பதைத் தாண்டியவர், கட்டை குட்டையான உருவம், காதோரம் பென்சில். நானும் ஊரறிந்த வாயாடிதான். அவர் முன்னால் என் பருப்பு வேகவில்லை. கேள்வி கேட்க வாயைத் திறந்தால், திறந்தது திறந்தபடி நிற்கும்.

பந்தயக் கார்களின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைக் கணவர் பிரித்துப் பூட்டுகிறார். சாதாரண வண்டியில் படாத அடியெல்லாம் அதற்குள்ளிருக்கும் ஷாஃப்டும் கியரும் படும். அந்த அடியைத் தாங்கும்படி அவற்றைக் குளிரில் போட்டு இறுக்குவது அக்காவின் வேலை. ஆளுயரப் பெட்டி; அதற்குள் திரவ நைட்ரஜன் பாயப் பாய, தண்ணீர் உறையும் நிலைக்கும் கீழே நூற்றுத் தொண்ணூறு பாகைவரை குளிர் இறங்கும். “சூட்டுல பதமாகி வந்த இரும்புக்குள்ள அங்கங்க மெத்துனு மிச்சம் இருக்கும் சார். குளிர்ல அதுவும் இறுகிடும். ஆனா சட்டுனு இறக்கக் கூடாது. அத்தையைக் கைபிடிச்சு மாடிப்படி இறக்குற மாதிரி, ஒவ்வொரு படியா. அவசரப்பட்டா விரிசல்தான்.” ஒரு நாள் முழுக்கக் குளிரில் வைத்து, அதே பொறுமையோடு வெளியே கொண்டுவந்து, மிதமான சூடு காட்டி முடிக்கிறார். எதிலும் அத்தை வந்துவிடுவார்.

அறைச் சுவரில், காற்று கெட்டால் கத்தும் கருவி ஒன்று உண்டு. நான் போன அன்று அது வாயடைத்துக் கிடந்தது. காலையில் கணவர் கடைக்குப் போயிருந்தபோது சும்மா சும்மா கத்தியதாம், அக்காதான் அணைத்துவிட்டார். “அது கத்துனா நான் பேசுறது அவருக்குக் கேக்காதே சார். அவர்கிட்ட சொல்லிடாதீங்க, வேலையை நிறுத்திடுவாரு” என்றார். அன்றைக்கு அவர் குரல் தணிந்தது அப்போது மட்டும்தான். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். எழுத நல்ல தீனி கிடைத்தது என்று மனசுக்குள் ஒரு சந்தோஷம் வேறு.

உம் கொட்டும் மனிதரைப் பார்க்கத்தான் பாவமாக இருந்தது. இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விடுகிற வித்தை கல்யாணமான ஆண்களுக்குக் கைவந்ததாயிற்றே என்று நினைத்துக்கொண்டேன். பதம் முடிந்த ஷாஃப்ட் ஒன்றைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். தொட்டுப் பார்க்கட்டுமா என்றேன். கைக்குழந்தையைத் தர மறுப்பவர்போலத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

உள்ளே கதை சூடு பிடித்திருந்தது. அத்தையும் முகம் தெரியாத அந்தச் சிநேகிதியும் நேரில் சந்திக்க முடிவு செய்துவிட்டார்கள். அடையாளத்துக்கு ஆளுக்கொரு குடை. “அத்தை பஸ் ஸ்டாண்டுல போய் நிக்குறாங்க, கேக்குறீங்களாங்க?” “ம்.” “நின்னு பார்த்தா, அங்க…” கையுறை ஒன்று நழுவித் தரையில் விழுந்தது. எடுக்கக் குனிந்தார் அக்கா.

பேச்சு நின்றது. அப்பாடா என்றிருந்தது எனக்கு. சத்தியமாக அப்படித்தான் தோன்றியது.

ணங் என்று ஒரு சத்தம். ஷாஃப்ட் சிமெண்டுத் தரையில் உருண்டது. அதைத் தாண்டிக் கணவர் பாய்ந்தார். பதறி எழுந்து நானும் திரையை விலக்கப் போனேன். என் நெஞ்சில் கைவைத்து ஒரே தள்ளு. “உள்ள வராதீங்க. வந்தா நீங்களும் விழுந்துடுவீங்க. ஷட்டரைத் தூக்குங்க.” மூச்சை அடக்கிக்கொண்டு நுழைந்தார். பெட்டியின் காலடியில் அக்கா குப்புறக் கிடந்தார். அக்குளில் கைகொடுத்து வாசல்வரை இழுத்து வந்து கிடத்தினார். அக்காவின் உதடு நீலம் பாரித்திருந்தது. அந்த ஷட்டரை எப்படித் தூக்கினேனோ, ஆம்புலன்ஸுக்கு எந்தக் குரலில் பேசினேனோ, தெரியாது.

நைட்ரஜனை வெளியே தள்ளும் விசிறி காலையிலிருந்தே திணறியிருக்கிறது. கருவி பொய் சொல்லவில்லை. மணமில்லாத, நிறமில்லாத அந்தக் குளிர்ந்த காற்று தரையோடு தேங்கி நிற்குமாம். இருமல் கிடையாது, திணறல் கிடையாது; குனிந்தவர் நிமிர மாட்டார், அவ்வளவுதான். ஐயோ, இதைப் பார்த்தா சிரித்தேன்!

அக்காவுக்கு மூச்சு வந்தது. பெரிதாக ஒன்று, பிறகு சின்னச் சின்னதாக. கண் செருகிச் செருகித் திறந்தது. கணவர் அவர் மணிக்கட்டைப் பிடித்தபடி, என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: “உள்ள இருக்குற வரைக்கும் பேச்சை நிறுத்தாதேன்னு நான்தான் சொல்லி வச்சிருக்கேன். வீட்டுல இவ வாயே திறக்க மாட்டா.”

அவர் அக்காவின் பக்கம் குனிந்தார்.

“நின்னு பார்த்தா, அங்க குடையோட ஒரு அம்மா நிக்குறாங்க.” அக்கா விட்ட அதே இடம். “யாருன்னு பார்த்தா, நம்ம பின்தெரு தையல்காரம்மா. கேக்குறியா?”

பதில் இல்லை.

“கேக்குறியா?”

“ம்” என்றார் அக்கா.

“ரெண்டு பேரும் ஒரே பஸ்ல வீட்டுக்கு வந்தாங்க.”

“ம்.”

கதை அவ்வளவுதான். ஆம்புலன்ஸ் இன்னும் வரவில்லை. கணவர் தெருமுனையைப் பார்த்தார். அவருக்கு வேறு கதை தெரியாது போலிருக்கிறது. மணிக்கட்டை விடாமல், “ராங் நம்பர்ல அம்மாவுக்கு ஒரு சிநேகிதி கிடைச்சாங்க, கேக்குறியா?” என்று முதலிலிருந்து ஆரம்பித்தார்.