அருளப்பு அண்ணையின் கல்

அருளப்பு அண்ணையை எங்கள் கிறிஸ்தவ சபை தள்ளி வைத்தது அநியாயம். இறந்த பிறகும் அவருடைய இறுதிச் சடங்குக்கு மண்டபத்தைக் கொடுக்க மறுத்தது அதைவிடப் பெரிய அநியாயம். இதைச் சொல்லிவிட்டுத்தான் அவரைப் பற்றி எழுதுவேன்.

ஒஸ்லோவில், ரொம்மனில் பஸ்ஸுக்கு நின்றபோது அவருடைய மகள் நிரோஜா அழைத்தாள். "மாமா, விடிய அப்பா போயிட்டார். சபையிலை மண்டபம் கேட்டனான், தரேலாதாம்." இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னாள். எதற்கு முதலில் அழுவதென்று அவளுக்குத் தெரியவில்லை.

இந்த நாட்டில் ஒரு காலத்தில், தேவாலயக் குருவின் அனுமதியில்லாமல் வீடுகளில் கூடி ஜெபித்தவர்களைச் சிறையில் அடைத்தார்கள். ஒஸ்லோவுக்கு வெளியே, மரமில்லாத மேட்டுவெளி ஒன்றில் அவர்களுக்கு ஒரு நினைவுக்கல் நிற்கிறது. எங்கள் சபையும் புருசெத்தில் இருந்த அண்ணையின் வீட்டு வரவேற்பறையில் தொடங்கியதுதான். அதனால் கோடைதோறும் அங்கே போவோம். வழியிலுள்ள ஓடையில் ஆளுக்கொரு கல் எடுத்து, நினைவுக்கல்லின் அடியில் வைப்போம். அதில் நோர்வேஜிய மொழியில் எழுதியிருப்பதை அண்ணைதான் தமிழில் ஆக்கி வாசிப்பார். சிறை என்ற சொல்லை ஒவ்வொரு முறையும் இரண்டு தரம் வாசிப்பார்.

அவருடைய மனைவி பவளக்கா சைவம். மதம் மாறவில்லை, மாறும்படி அண்ணையும் கேட்கவில்லை. ஜெபக்கூட்டத்துக்கு வந்த எல்லோருக்கும் தேநீரும் வடையும் அக்காவின் கையால்தான். அக்கா இறந்தபோது, மகன் இல்லாததால், அண்ணையே திருநீறு பூசிக் கிரியை செய்தார். யாரோ அதைப் படமெடுத்துப் போதகருக்கு அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த ஞாயிறு, சபை முன்னால் மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். அண்ணை எழுந்தார். "அவள் உங்களுக்குத் தேத்தண்ணி ஊத்தேக்கை என்ன சமயமெண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. அவளின்ரை முறைப்படி அவளை அனுப்பினனான். அதுக்கு மன்னிப்புக் கேக்கமாட்டன்." தள்ளி வைத்தார்கள். நானும் அவரோடு வெளியே வந்தேன். பிறகு அந்தப் படி ஏறவில்லை.

அந்தக் கோடையிலும் அண்ணையும் நானும் என் காரில் மேட்டுவெளிக்குப் போனோம். சபையார் வைத்த கற்களோடு அண்ணையும் ஒன்றை வைத்தார், வெள்ளைக்கோடு ஓடிய சிவப்புக் கல். போதகர் குனிந்து அதைத் தூக்கி அப்பால் போட்டார். "பாத்து போதகர், இடுப்புப் பிடிச்சிடும்" என்றார் அண்ணை. சபையாரிலேயே சிலர் சிரித்துவிட்டார்கள். காருக்கு நடக்கும்போதுதான் மெல்லச் சொன்னார்: "சிறையிலை கிடந்த சனம் என்னைத் தள்ளியிராது, தம்பி." நான் திரும்பிப் போய் அந்தக் கல்லை எடுத்து வந்தேன்.

எரியூட்டும் இடத்துச் சிறிய அறையில் அவருக்கு நான்தான் ஜெபம் சொன்னேன். போதகராகப் படிக்காதவன் சொன்ன ஜெபம் செல்லாது என்று கதைக்கிறார்களாம். சபையாரே, அந்த மேட்டுவெளியில் நீங்கள் நினைவுகூருகிறவர்களும் படிக்காமல் ஜெபம் சொல்லித்தான் சிறைக்குப் போனார்கள்.

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அண்ணையைத் தள்ளி வைத்தது பிழையென்று போதகர் சபை முன்னால் சொல்ல வேண்டும். படம் அனுப்பியவர் நிரோஜாவின் வீட்டுக்குப் போய், தான்தான் அனுப்பியது என்று சொல்ல வேண்டும். இந்தக் கோடையில் நினைவுக்கல்லில் உள்ளதை வாசிக்கப் போகிறவர், அது யார் ஆக்கிய தமிழ் என்று சொல்லிவிட்டு வாசிக்க வேண்டும். அண்ணையுடையதென்று என்னிடம் இருப்பது அந்தச் சிவப்புக் கல் மட்டும்தான். என் பல்கனியில் கிடக்கிறது. போதகர் வந்து அதைக் கேட்க வேண்டும். தன் கையாலேயே மேலே சுமந்துபோய், தான் தூக்கிய இடத்திலேயே வைக்க வேண்டும். இடுப்புப் பிடித்தால் நான் ஒரு கை கொடுப்பேன்.